'முன்னெடுத்தவர்' என்று யாரை எழுதுவது?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, மதகையும் சரிசெய்து முடித்துவிட்டோம். பணம் தந்த நிறுவனம் ஆங்கிலத்தில் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. இந்த முயற்சியை 'ஸ்பியர்ஹெட்' செய்தவர் யார் என்று அதில் ஒரு கட்டம். தமிழ் அறிக்கையில் அதை 'முன்னெடுத்தவர்' என்று எழுதினேன். சங்கத்தில் மனத்தாங்கல் வந்துவிட்டது. பேச்சைத் தொடங்கி மனு கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வேலை நடந்த மூன்று மாதமும் கரையிலேயே நின்று, அன்றாடக் கணக்கும் வைத்தவர் ஒரு விவசாயி. கூட்டங்களை நடத்தியவர் சங்கத் தலைவர். அந்தச் சொல் தங்கள் ஆளுக்குத்தான் பொருந்தும் என்று மூன்று தரப்பும் சொல்கிறது. கரையில் கல்வெட்டும் வைக்கப்போகிறோம். 'முன்னெடுப்பு' நல்ல தமிழ்ச் சொல்தானா? யாருக்கு எந்தச் சொல் போடுவது? இலங்கைச் செய்திகளில் 'பொலிஸார் விசாரணைகளை முன்னெடுத்துள்ளனர்' என்று பார்க்கிறேன். அங்கே பொருள் வேறா?
– ஏரிப் பாதுகாப்புச் சங்கச் செயலாளர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

நல்ல தமிழ்ச் சொல்தான். அதில் ஐயம் வேண்டாம். முன் + எடு. தனிக் குறிலை அடுத்து வரும் ஒற்று, பின்னால் உயிர் வந்தால் இரட்டிக்கும். கண் + இல்லை கண்ணில்லை ஆவதுபோல முன் + எடு முன்னெடு ஆகிறது. முன்வை, முன்மொழி, முன்னிறுத்து என்று நாம் நாள்தோறும் புழங்கும் வினைகளின் வரிசையில்தான் இதுவும் நிற்கிறது.

இதில் வரும் 'எடு' கையால் தூக்குவதை மட்டும் சொல்வதில்லை. விழா எடுக்கிறோம். அரசன் படையெடுக்கிறான். கோயில் எடுக்கிறான். பெரியதாக ஒன்றைக் கிளப்பி நிறுத்துவது என்ற பொருள் இந்த வினைக்கு வெகுகாலமாக உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் முதலாம் இராசராசன் 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி' என்று சொல்லும் இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 'எடுத்த' இல்லை, 'எடுப்பிச்ச'. எடுக்கச் செய்தவன் அரசன், கல்லைச் சுமந்து எடுத்தவர்கள் வேறு பேர் என்பதை அந்த ஒரு பிறவினை விகுதியே சொல்லிவிடுகிறது. உங்கள் சங்கத்து மனத்தாங்கலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. 'முன்னெடுத்தார்' என்ற வினையில் அப்படிப் பிரித்துக்காட்டும் உறுப்பு எதுவும் இல்லை. யோசனை சொன்னவர், ஆள் சேர்த்தவர், வெயிலில் நின்றவர் எல்லாரையும் அது ஒரே குடையின்கீழ் கொண்டுவந்துவிடும். மூன்று தரப்பும் உரிமை கேட்பதில் தவறில்லை.

இன்றைய எழுத்தில் இந்தச் சொல் மூன்று பொருளில் நடமாடுகிறது. யாரும் கை வைக்காத ஒன்றை முதலில் கையில் எடுப்பது ஒன்று. நடக்கும் ஒரு பணிக்கு முன்னால் நின்று அதை நடத்துவது இன்னொன்று. ஏற்கெனவே தொடங்கியதை விடாமல் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவது மூன்றாவது. இந்த மூன்றாவதற்கு 'முன்னெடுத்துச் செல்' என்று துணைவினையோடு எழுதினால் குழப்பம் தீரும். முதல் இரண்டுக்கும் அப்படிப்பட்ட அடையாளம் இல்லாததால், சொல்லை மட்டும் பார்த்து வாசகர் எதுவும் முடிவு செய்ய முடியாது. அதைச் சூழ்ந்த வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

இலங்கை வழக்கைக் கேட்டிருந்தீர்கள். அங்கே செய்தித் தமிழில் 'முன்னெடு' என்பது பெரும்பாலும் 'நடத்து', 'மேற்கொள்' என்ற அளவில் நிற்கிறது. 'மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் முன்னெடுத்து வருகின்றனர்' என்று அங்கே வருவதை, நம் நாளேடுகள் 'போலீசார் விசாரணை நடத்தி வருகின்றனர்' என்று எழுதும். முதலில் தொடங்கியவர் என்ற பெருமையோ, தலைமை என்ற பொருளோ அந்த வாக்கியத்தில் கிடையாது. செயல்பாடு அங்கே செயற்பாடு ஆவதுபோல, வழக்கு வேறு, அவ்வளவுதான், இரண்டும் சரி. உங்களுக்கு இதில் கவனிக்க ஒன்று உண்டு. அறிக்கையை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பழகிய வாசகர் படித்தால், 'பணியை முன்னெடுத்தார்' என்பதை 'பணியைச் செய்தார்' என்று மட்டுமே எடுத்துக்கொள்ளக்கூடும். நீங்கள் அதில் ஏற்றிய மதிப்பு அவரிடம் போய்ச் சேராது.

இனி அந்த ஆங்கிலச் சொல். 'ஸ்பியர்ஹெட்' என்றால் ஈட்டியின் முனை. படையில் முதலில் பாய்கிற பிரிவுக்கு ஆகி, பிறகு எந்தப் பணிக்கும் முன்னால் நிற்பதற்கு ஆனது. அதை 'ஈட்டி முனையாகத் திகழ்ந்தார்' என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். தமிழில் அது எதையும் சொல்லாது. நம்மிடமும் படையிலிருந்து வந்த சொற்கள் இருந்தன. முன்செல்லும் படைக்குத் தார், தூசி என்று பெயர். 'தார்தாங்கிச் செல்வது தானை' என்ற குறளில் உள்ள தார் அதுதான். இன்று தூசி என்றால் புழுதி, தார் என்றால் சாலையில் ஊற்றுவது. முன்னணி என்பதும் போர் வரிசையின் பெயரே. அது இப்போது கட்சிக் கூட்டணிக்கும் 'முன்னணி நடிகர்' என்பதற்கும் போய்விட்டது. ஆகவே பழைய சொற்கள் இந்த வேலைக்கு உதவமாட்டா. முன்னெடு, முன்னின்று நடத்து, முன்கை எடு, தலைமையேற்று நடத்து, ஒருங்கிணை ஆகியவற்றில்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்வதற்கு முன், இரண்டு சொற்கள் வைக்கும் பொறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அறிக்கைகளில் அதிகம் தடுக்கிவிழும் இடங்கள் இவை.

முதலாவது, 'தொடங்கி வைத்தார்'. ஆசிரியையைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து 'ஏரிப் பணியைத் தொடங்கி வைத்தவர்' என்று எழுதினால், அவர் விருந்தினர் ஆகிவிடுவார். கொடியசைத்து, ரிப்பன் வெட்டி, படம் எடுத்துக்கொண்டு புறப்படுகிறவருக்கு நாம் பயன்படுத்தும் சொல் அது. 'வை' என்ற துணைவினை, வேலை பிறருடையது, இவர் அதற்குக் கைராசியாக வந்தவர் என்ற பொருளை இங்கே கொண்டுவந்துவிடுகிறது. ஆசிரியைக்கு 'தொடங்கியவர்' போதும். 'வை' இல்லாத அந்தச் சொல்லில்தான் அவருடைய உழைப்பு இருக்கிறது.

இரண்டாவது, 'தலைமை தாங்கினார்'. தமிழ்நாட்டில் எந்த அழைப்பிதழை எடுத்தாலும் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை என்று ஓடும். அதனால் 'தலைமை தாங்கினார்' என்று படித்தவுடன் நம் மனம் மேடையின் நடு நாற்காலியைத்தான் பார்க்கிறது. ஒரு மணி நேரக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவருக்கு அது கச்சிதம். மூன்று மாதம் கரையில் நின்றவருக்கு அது குறைவு. கூட்டங்களை மட்டும் நடத்தியவரை 'பணிக்குத் தலைமை தாங்கினார்' என்று எழுதினால் மிகை. உங்கள் சங்கத் தலைவருக்கு 'கூட்டங்களுக்குத் தலைமை வகித்தார்' என்று, எதற்குத் தலைமை என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். அந்த 'கூட்டங்களுக்கு' விட்டுப்போனால் பொருள் மாறிவிடும்.

'முன்னின்று நடத்தினார்' பற்றி இரண்டு வார்த்தை. முன் + நின்று, ஒரு சொல்லாகச் சேரும்போது முன்னின்று. பழைய தமிழில் ஒருவர் முன் நிற்பது எதிர்ப்பதையும் குறிக்கும். 'என்னைமுன் நில்லன்மின் தெவ்விர்' என்ற குறளில், என் தலைவன் முன்னால் வந்து நிற்காதீர்கள் என்று பகைவரை எச்சரிக்கிறான் வீரன். இன்று அந்த எதிர்ப்புப் பொருள் மங்கிவிட்டது. ஊர்ப் பேச்சில் 'அவர்தான் முன்னாடி நின்னு செஞ்சாரு' என்று சொல்கிறோமே, அதன் எழுத்து வடிவம் இது. யாரும் வாய்பேச்சில் 'முன்னெடுத்தாரு' என்று சொல்வதில்லை. ஆள் அங்கே உடம்போடு இருந்தார், வேலை முடியும் வரை நகரவில்லை என்பதை 'முன்னின்று' சொல்வதுபோல் வேறெதுவும் சொல்லாது. உங்கள் விவசாயிக்கு என் முதல் தேர்வு இதுதான்.

'முன்கை எடுத்தார்' என்பது எல்லாரும் தயங்கி நிற்கும்போது ஒருவர் முதல் அடி வைப்பது. ஆசிரியைக்கு இது பொருந்தும். 'முன்முயற்சி' என்ற பெயர்ச்சொல்லும் அதே பொருள்தான். அறிக்கை நடைக்கு ஒத்துவரும்.

எந்த வினையைப் போடுவது என்று தடுமாறும்போது, ஒவ்வொருவரையும் பற்றி ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இவர் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேச்சே கிளம்பியிருக்காது என்றால் அவர் தொடங்கியவர், முன்கை எடுத்தவர். கிளம்பிய பேச்சு பாதியில் நின்றிருக்கும் என்றால் அவர் முன்னின்று நடத்தியவர், அல்லது முன்னெடுத்துச் சென்றவர். ஆளுக்கொரு பக்கம் இழுத்திருப்பார்கள் என்றால் அவர் ஒருங்கிணைத்தவர். அன்றைய கூட்டம் மட்டும் தள்ளிப்போயிருக்கும் என்றால் அவர் தலைமை வகித்தவர். இந்தக் கேள்வியைச் சங்கக் கூட்டத்திலேயே வெளிப்படையாகக் கேட்கலாம். எனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவரவர் செய்ததைச் சொல்வார்கள், சொல் தானே வந்து அமரும்.

இனி உங்கள் அறிக்கையிலிருந்து நீங்கள் அனுப்பிய வாக்கியம்:

'எங்கள் ஏரி சீரமைப்பு முன்னெடுப்பானது சங்கத்தால் சிறப்பான முறையில் முன்னெடுக்கப்பட்டு வெற்றிகரமாக மேற்கொள்ளப்பட்டது.'

இதில் நான்கு சிக்கல்கள். முன்னெடுப்பை முன்னெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வேரையே இரண்டு முறை நட்டிருக்கிறது. 'முன்னெடுக்கப்பட்டு' என்ற செயப்பாட்டு வினை, செய்தவரைச் 'சங்கத்தால்' என்பதற்குள் மறைக்கிறது. இந்தச் சொல்லைப் போடுவதே யார் செய்தார் என்று காட்டத்தான். செய்தவரை மறைத்த பிறகு அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. பிறகு 'மேற்கொள்ளப்பட்டது' அதையே மறுபடி சொல்கிறது. கடைசியாக, 'சிறப்பான முறையில்', 'வெற்றிகரமாக' என்ற இரண்டும் எதையும் அளந்து சொல்லவில்லை. ஏரியில் என்ன மாறியது என்று வாசகருக்குத் தெரியவில்லை.

இப்படி எழுதிப் பாருங்கள். இடைவெளிகளை உங்கள் தீர்மானப் புத்தகத்தையும் வேலைக் கணக்கையும் பார்த்து நிரப்புங்கள்:

'அக்டோபர் 2 கிராம சபையில் ஏரியைத் தூர்வார வேண்டும் என்று முதலில் எழுந்து பேசியவர் ஆசிரியை ……. ஊரில் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தவரும் அவரே. வேலை தொடங்கிய நாள் முதல் மதகைச் சரிசெய்து முடிக்கும் வரை பணியை முன்னின்று நடத்தியவர் விவசாயி ……. வண்டி, டீசல், ஆட்கூலி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் அன்றாடக் கணக்கு வைத்தார். சங்கத் தலைவர் …… பணிக்காலத்தில் நடந்த …… கூட்டங்களுக்குத் தலைமை வகித்தார்.'

இதில் 'முன்னெடு' ஒரு முறைகூட வரவில்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று பேரும் என்ன செய்தார்கள் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. அந்தச் சொல்லைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. எங்கே பொருந்துமோ அங்கே போடுங்கள்: 'ஏரி மீட்பை முன்னெடுத்த சங்கம் அடுத்து வரத்துக் கால்வாயைச் சீர்செய்யும் வேலையை எடுத்திருக்கிறது.' இங்கே எழுவாய் ஓர் அமைப்பு. அதற்குள் யார் என்ன செய்தார் என்று பிரிக்கத் தேவையில்லாத இடம். ஒரே குடையாக இருப்பது இங்கே பலம்.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில. முன்னெடு செயப்படுபொருள் குன்றா வினை. எதை என்ற கேள்விக்கு வாக்கியத்தில் பதில் இருக்க வேண்டும். 'அவர் சிறப்பாக முன்னெடுத்தார்' என்று அந்தரத்தில் விடக் கூடாது. அந்த 'எதை' என்பதும் நாள்பட நடக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்: இயக்கம், போராட்டம், ஆய்வு, மீட்புப் பணி. ஒரு நாளில் முடிவதற்கு இந்தச் சொல் பெரிது. மரக்கன்று நட்டதை 'நட்டார்' என்றும், கூட்டம் நடத்தியதை 'நடத்தினார்' என்றும் எழுதினால் போதும். 'முன்னெடுப்பாளர்' என்று பதவிப் பெயர் உண்டாக்கவும் வேண்டாம். பொறுப்பாளர், ஒருங்கிணைப்பாளர், செயலாளர் என்று ஊருக்குப் புரியும் பெயர்கள் இருக்கின்றன; வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுவது யார் என்பதும் அவற்றில் தெரியும்.

பொறுப்பு என்றவுடன் உங்கள் பக்கத்து ஊரான உத்திரமேரூர் நினைவுக்கு வராமல் இருக்காது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரியைக் கவனிக்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தைக் குடவோலையில் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. அங்கே வரும் வினை 'வாரியம் செய்தல்'. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் இடக் கூடாது என்று விதி. ஏரிப் பணியை நடத்துதல் என்ற சொல்லுக்குள் கணக்குக் காட்டுதலும் அடங்கியிருந்தது. உங்கள் விவசாயி அன்றாடக் கணக்கு வைத்ததாக எழுதியிருந்தீர்களே, அறிக்கையில் அந்த வரியை எக்காரணம் கொண்டும் வெட்டிவிடாதீர்கள்.

படிவத்துக்கு வருவோம். அந்தக் கட்டத்தில் ஒரு பெயருக்கு மேல் இடம் இருந்தால் இரண்டு பெயர் எழுதி, பெயருக்குப் பக்கத்தில் நான்கைந்து சொல்லில் செய்த வேலையைக் குறியுங்கள்: முன்முயற்சி, களப்பணி நடத்தியவர் என்று. ஒரு பெயர்தான் என்றால், பணம் தந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பது பெரும்பாலும் நேரில் வந்து பார்க்கும்போது யாரிடம் பேசுவது என்று தெரிந்துகொள்ளத்தான். வேலை விவரம் முழுக்கத் தெரிந்தவர் பெயரைக் கொடுங்கள். உங்கள் நிலையில் அது விவசாயி. ஆசிரியையிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்வது அவருக்கு வருத்தம் தரும்.

கல்வெட்டில் வாக்கியம் வேண்டாம். கல்லில் தலைப்பும் பெயரும்தான் எடுப்பாக இருக்கும். எழுத்துக் கணக்கில் கூலி கேட்கும் தச்சர்களும் உண்டு. 'முன்னெடுத்தவர்' எட்டு எழுத்து; 'முன்னின்று நடத்தியவர்' பன்னிரண்டு. நான்கு எழுத்துக்காகத் தவறான பொருளைக் கல்லில் ஏற்ற வேண்டாம். வரிசை இப்படி இருக்கலாம்:

முதல் முயற்சி: ……
பணியை முன்னின்று நடத்தியவர்: ……
சங்கத் தலைவர்: ……
பொருளுதவி: ……
உழைப்பு: ஊர்ப் பொதுமக்கள்

பணம் தந்தவர் பெயருக்கு 'உபயம்' என்று போடுவது கோயில் வழக்கம். ஏரிக்குப் 'பொருளுதவி' பொருத்தம். அந்தப் பெயர் ஆசிரியைக்கும் விவசாயிக்கும் கீழே வரட்டும். நிறுவனம் வேறு வரிசை கேட்டால், அறிக்கையில் அவர்களுக்குத் தனிப் பத்தி கொடுத்துச் சமாளிக்கலாம்.

தச்சரிடம் கொடுக்கும் முன் ஒற்றுகளைச் சரிபாருங்கள். 'முன்னெடுத்துச் சென்றவர்' என்று எழுதுவதாக முடிவானால் நடுவில் ச் வேண்டும். 'பணியைத் தொடங்கியவர்' என்றால் த் வேண்டும். 'சங்கத் தலைவர்' என்பதில் த் இல்லாமல் 'சங்க தலைவர்' என்றும், 'ஊர்ப் பொதுமக்கள்' என்பதில் ப் இல்லாமலும் வெட்டிய கற்கள் ஊருக்கு ஊர் நிற்கின்றன. 'முன்னின்று' என்பதில் மூன்று இடத்திலும் றன்னகரமே. டண்ணகரமோ தந்நகரமோ வராது. கணினியில் அடித்த தாளைக் கொடுத்தால், சில எழுத்துருக்களில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். கையால் பெரிய எழுத்தில் எழுதி, எழுத்துக்கு ஒரு கட்டம் போட்ட தாளையும் கூடவே கொடுங்கள். கல்லில் முதலில் சாக்பீஸால் எழுதிக் காட்டச் சொல்லி, ஆசிரியையை அழைத்துப்போய் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். உளி விழுவது அதன் பிறகு.